கையெழுத்துப் போடலாமா? குறைமாதக் குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவதும் குடல் நோயும்

உங்கள் மகன் 27 வாரத்தில், 900 கிராம் எடையில் பிறந்தான். இன்றோடு 24 நாள். எடை 1,100 கிராம் ஆகியிருக்கிறது. மூச்சுக்கு சிபேப் துணை (மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் கருவி) இன்னும் வேண்டியிருக்கிறது. ஹீமோகுளோபின் 7.6க்கு இறங்கிவிட்டதால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று ஒப்புதல் படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு ரத்தம் ஏற்றினால் ஓரிரு நாளில் குடல் அழுகிப்போகும் நோய் வரும் என்று படித்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போடலாமா என்பது உங்கள் கேள்வி.

போடுங்கள், தம்பி. நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை. பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தங்களுக்குள் வாதிட்டு வரும் விஷயம்தான். ஆனால் இந்த வழக்கில் ரத்தப் பையைவிட, அதற்கு முன் நாள் கணக்கில் இறங்கிக்கொண்டே வந்த ஹீமோகுளோபின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு, உங்கள் பிள்ளையைத் தினமும் தொட்டுப் பார்க்கிற டாக்டரிடமும் பேசுங்கள். கடைசி வார்த்தை அவருடையது.

முதலில் நோயைப் பற்றி. நெக்ரோடைசிங் என்டிரோகோலைட்டிஸ் என்பது முழுப் பெயர். வார்டில் நாங்கள் ‘நெக்’ என்போம். முற்றாத குடலின் உட்சுவர் புண்ணாகி, கிருமிகள் சுவருக்குள்ளேயே புகுந்து, அந்த இடம் அழற்சியில் வெந்து, சில நேரம் உயிரற்றுப் போய் ஓட்டை விழுந்துவிடும். பிறக்கும்போது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது வருகிறது. வந்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேரைப் பறிகொடுக்கிறோம். அறுவை சிகிச்சை வரை போனால் இழப்பு இன்னும் கூடுதல். அதனால் உங்கள் பயத்தை நான் ஒருபோதும் சிறிதாக நினைக்க மாட்டேன்.

இந்த நோய் வருகிற நேரத்தைக் கவனியுங்கள். மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இது முதல் வாரத்தில் வராது. கர்ப்பக் கணக்கில், அதாவது வயிற்றில் இருந்த வாரங்களோடு பிறந்த பிறகான வாரங்களையும் கூட்டி, 29 முதல் 33 வாரம் ஆகும்போதுதான் வரும். வென்டிலேட்டர் போய், பால் அளவு கூடி, எடை ஏறி, வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுகிற நேரம் அது. உங்கள் மகன் இன்று அந்தக் கணக்கில் 30 வாரத்தைத் தாண்டியிருக்கிறான்.

ஹீமோகுளோபின் தரை தட்டுவதும் அதே வாரங்களில்தான். சிவப்பணு உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்பும் எரித்ரோபாய்ட்டின் இந்தக் குழந்தைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. இரும்புச் சத்தைத் தாயிடமிருந்து வாங்கிச் சேமிக்கிற கடைசி மூன்று மாதத்தை அவர்கள் வயிற்றுக்குள் கழிக்கவே இல்லை. உடம்பு வளர வளர, இருக்கிற ரத்தம் நீர்த்துப்போகிறது. போதாததற்குத் தினமும் பரிசோதனைக்கென்று நாங்களும் கொஞ்சம் எடுக்கிறோம். ஆக, ரத்தம் ஏற்ற வேண்டிய வாரமும் குடல் நோய் வருகிற வாரமும் ஒன்றாக வந்து உட்காருகின்றன.

நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் பார்த்த ஒரு குழந்தையை இன்னும் மறக்கவில்லை. 26 நாள் வயது. மாலையில் ரத்தம் ஏற்றினோம். மறுநாள் விடியற்காலை வயிறு பளபளவென்று உப்பியிருந்தது. இரைப்பைக்குள் போட்டிருந்த ரைல்ஸ் ட்யூபில் பச்சையாகப் பித்தம் வந்தது. எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள், சோப்பு நுரையை நசுக்கிவிட்டதுபோல. வெளியே காத்திருந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நேத்து ஏத்துன ரத்தம் ஒத்துக்கலையா டாக்டரம்மா? சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பையனுக்குப் பத்து நாள் பாலை நிறுத்தி, ஆன்டிபயாட்டிக் போட்டு, நரம்பு வழியாகவே ஊட்டம் கொடுத்துத் தேற்றினோம். கத்தி வைக்காமல் பிழைத்தான். அவன் தேறிய பிறகு ஒரு நாள் அவனுடைய சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கிப் படித்தேன். ரத்தம் ஏற்றியதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவன் மூச்சை நிறுத்தி நிறுத்தி விட ஆரம்பித்திருந்தான். வயிற்றுச் சுற்றளவு ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்ததை நைட் டியூட்டி சிஸ்டர் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். அவன் சோர்ந்திருக்கிறான், ரத்தம் குறைவாக இருப்பதால்தான் என்று நினைத்துத்தான் நாங்கள் ரத்தம் ஏற்றவே முடிவெடுத்தோம். அதாவது, குடல் நோயின் முதல் அறிகுறியே எங்களை ரத்தம் ஏற்றச் சொல்லியிருக்கலாம். பாட்டி பார்த்த வரிசை சரிதான்: முதலில் ரத்தம், பிறகு வயிறு. அந்த வரிசைக்கும் முன்னால் ஒரு அத்தியாயம் இருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இதைக் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தள்ளிவிடவும் முடியாது. காகத்துக்கும் பழத்துக்கும் நிஜமாகவே தொடர்பில்லை. இங்கே தொடர்பு இருக்கிறது, ஆனால் எது எதற்குக் காரணம் என்பதில்தான் சிக்கல். குடல் நோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, ரத்தம் ஏற்றிய 48 மணி நேரத்துக்குள் அது வந்திருக்கிறது என்று பல மருத்துவமனைகள் எழுதின. நீங்கள் படித்தது பெரும்பாலும் அந்த வகை ஆய்வாகத்தான் இருக்கும். பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதிய ஆய்வுகள் அவை. மிகவும் நலிந்த குழந்தைக்குத்தான் அதிகம் ரத்தம் ஏற்றுவோம். மிகவும் நலிந்த குழந்தைக்குத்தான் குடல் நோயும் அதிகம் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த ஆய்வுகளால் முடியவில்லை.

பிரித்துப் பார்க்க முயன்றவர்கள் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து மருத்துவர்கள். 2010 முதல் 2014 வரை அங்கே மூன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 598 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஹீமோகுளோபின் எவ்வளவு, எப்போது ரத்தம் ஏற்றினார்கள், எப்போது குடல் நோய் வந்தது என்று குறித்தார்கள். அந்த ஆய்வு 2016இல் ‘ஜாமா’ என்ற மருத்துவ இதழில் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் பயந்ததுதான் தெரிகிறது: எட்டு வாரத்துக்குள் குடல் நோய் வந்தது, ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 9.9 சதவீதம், ஏற்றப்படாதவர்களில் 4.6 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல்! ஆனால் குழந்தையின் எடை, நோயின் கடுமை, ஹீமோகுளோபின் அளவு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தவுடன் படம் மாறிவிட்டது. ரத்தம் ஏற்றியதற்கும் குடல் நோய்க்கும் இருந்த தொடர்பு கரைந்துபோனது. மிஞ்சி நின்றது கடும் ரத்தசோகை. ஒரு வாரத்தில் ஹீமோகுளோபின் 8 அல்லது அதற்குக் கீழே போன குழந்தைகளுக்கு அந்த வாரத்தில் குடல் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு.

அந்த ஆறு மடங்கு என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆய்வில் மொத்தமே 44 குழந்தைகளுக்குத்தான் குடல் நோய் வந்தது. கணக்கில் இரண்டு மடங்கு முதல் பதினெட்டு மடங்கு வரை எங்கேயும் இருக்கலாம் என்ற அகலம் இருக்கிறது. திசைதான் முக்கியம்.

கவனித்துப் பார்க்கும் ஆய்வு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சந்தேகம் மிச்சமிருக்கும். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தாராளமாகவும் மறு பிரிவுக்குச் சிக்கனமாகவும் ரத்தம் ஏற்றினால்தான் நியாயமான பதில் கிடைக்கும். 2020இல் அப்படி இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் நடந்த ‘டாப்’ ஆய்வில் ஒரு கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்த 1,824 குழந்தைகள். ஐரோப்பாவில் நடந்த ‘எட்னோ’ ஆய்வில் 1,013 குழந்தைகள். ரத்தம்தான் குடலைக் கெடுக்கிறது என்றால், தாராளமாக ஏற்றிய பிரிவில் குடல் நோய் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. டாப் ஆய்வில் இரண்டு பிரிவிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் குடல் நோய் வந்தது. என் மனத்தைத் திருப்பியது இந்த முடிவுதான்.

இந்த ஆய்வுகள் இன்னொன்றும் சொல்கின்றன: தாராளமாக ஏற்றியதால் கூடுதல் நன்மையும் இல்லை. இரண்டு வயதில் பார்த்தபோது உயிர் பிழைத்ததிலும் மூளை வளர்ச்சியிலும் இரண்டு பிரிவும் ஒன்றே. அதனால் ‘ஏற்றினால் தெம்பு’ என்று எண்ணுக்காக ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. பிளேட்லெட் விஷயத்தில் 2019இல் வந்த ஒரு ஆய்வு எங்களை உலுக்கியே விட்டது. 660 குறைமாதக் குழந்தைகள். அதிகம் பிளேட்லெட் ஏற்றிய பிரிவில் இறப்போ பெரிய ரத்தக்கசிவோ 26 சதவீதம், குறைவாக ஏற்றிய பிரிவில் 19 சதவீதம். நல்லது என்று நினைத்துக் கொடுத்ததே தீங்காக முடிந்திருக்கிறது. ரத்தத்திலிருந்து வருகிற எதையும் தேவைக்கு மேல் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் உங்கள் மகனுக்குத் தேவையா? டாப் ஆய்வில், மூன்றாவது வாரத்திலிருந்து, சிபேப் போன்ற மூச்சுத் துணை வேண்டியிருக்கும் குழந்தைக்குத் தாராளப் பிரிவில் 11க்குக் கீழே இறங்கினால் ரத்தம். சிக்கனப் பிரிவில் 8.5க்குக் கீழே இறங்கினால் ரத்தம். உங்கள் பிள்ளைக்கு 7.6. மிகச் சிக்கனமான கையே அங்கே ரத்தம் கொடுத்திருக்கும். மூச்சுத் துணை எதுவும் வேண்டாத குழந்தைக்குச் சிக்கனப் பிரிவின் எல்லை 7. அதனால்தான் பக்கத்து வார்மரில் இருக்கும் குழந்தைக்கு 7.6 இருந்தும் ஏற்றவில்லையே என்று ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள் என்கிறேன்.

ரத்தத்துக்குக் குடலில் வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2019இல் சுண்டெலிக் குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ரத்தம் எடுத்து எடுத்து அவற்றைக் கடும் சோகையில் தள்ளியபோது, குடல் சுவரில் அழற்சி அணுக்கள் வந்து குவிந்தன. கிருமிகளின் கழிவு குடலைத் தாண்டி ரத்தத்தில் கசிந்தது. அந்த நிலையில் சிவப்பணு ஏற்றியபோது குடல் புண்ணானது. சோகை இல்லாத குட்டிகளுக்கு அதே ரத்தத்தை ஏற்றியபோது அப்படி ஆகவில்லை. எலிக்குட்டி மனிதக் குழந்தை இல்லை. இருந்தாலும் எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது: சோகை நாள் கணக்கில் நீடித்துக் குடலை நலிய வைத்த பிறகு, மிகத் தாமதமாக ஏற்றும் ரத்தம் இரண்டாவது அடியாக விழலாம். ஏற்றுவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே போய் 6.5இல் முடிவெடுப்பதுதான் எனக்குப் பயமான விஷயம்.

‘பழைய ரத்தமாக இருந்தால்?’ என்று அடுத்து கேட்பீர்கள். கனடாவில் 377 குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு பிரிவுக்கு ஏழு நாளுக்குள் எடுத்த புது ரத்தமும் மறு பிரிவுக்கு வழக்கமான இருப்பு ரத்தமும் கொடுத்துப் பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். குடல் நோயும் இறப்பும் மற்றப் பெரிய சிக்கல்களும் சேர்ந்த கணக்கில் 52.7 சதவீதம், 52.9 சதவீதம். வித்தியாசமே இல்லை. புது ரத்தம் தேடி அலைந்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

‘அப்பா ரத்தத்தையே ஏற்றுங்கள், சொந்த ரத்தம்தானே ஒத்துக்கொள்ளும்’ என்று உறவில் யாராவது சொல்வார்கள். எல்லா வார்டிலும் ஒரு மாமாவாவது சொல்கிறார். மனசு புரிகிறது, ஆனால் உண்மை தலைகீழ். நெருங்கிய உறவினரின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்களைக் குழந்தையின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம்; அவை உள்ளே பெருகிக் குழந்தையையே தாக்கும் ஆபத்து உண்டு. கதிர்வீச்சு பாய்ச்சாமல் உறவினர் ரத்தத்தை ஏற்றவே கூடாது. தந்தையின் சிவப்பணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் தாயின் உடம்பிலிருந்து குழந்தைக்கு வந்திருக்கவும் வாய்ப்புண்டு. நீங்கள் ரத்த தானம் செய்யுங்கள், நிச்சயம் செய்யுங்கள். அது வேறு யாருடைய பிள்ளைக்காவது போகட்டும். உங்கள் பிள்ளைக்கு வெள்ளையணு நீக்கிய ரத்தம் கிடைக்குமா, ஒரே கொடையாளியின் ரத்தத்தைச் சிறு பைகளாகப் பிரித்து வைத்து அடுத்த முறைக்கும் அதையே பயன்படுத்த முடியுமா என்று கேளுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஒரு பாட்டில் ரத்தம்’ என்று நினைத்துப் பயந்திருப்பீர்கள். கிலோவுக்கு 15 மில்லி என்று வைத்தால் உங்கள் மகனுக்கு 16, 17 மில்லி. மூன்று தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். அதையும் சிரிஞ்ச் பம்பில் மாட்டி மூன்று நான்கு மணி நேரம் கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக ஏற்றுவார்கள். அவன் பிறந்தபோது உடம்பில் இருந்த மொத்த ரத்தமே ஏறத்தாழ 80 மில்லி. ஒரு டீ கிளாஸ் நிறையாது. அதிலிருந்து பரிசோதனைக்கு ஒரு மில்லி எடுத்தால், பெரியவர் ஒருவரிடமிருந்து ஒரே மூச்சில் 60 மில்லி எடுத்த மாதிரி. தினம் ஒரு மில்லி போனால் மூன்று வாரத்தில் அவன் ரத்தத்தில் கால் பங்கை நாங்களே எடுத்திருப்போம். அதனால் டாக்டரிடம், ‘இன்றைக்கு எடுக்கிற டெஸ்ட் எல்லாம் கட்டாயம் வேண்டுமா? சேர்த்து ஒரே தடவையாக எடுக்க முடியுமா?’ என்று நீங்கள் கேட்டால் அது குறுக்கீடு இல்லை. நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னும் பிரசவம் ஆகாத, குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்று சொல்லப்பட்ட தாய்மார்கள் இதைப் படித்தால், குழந்தை அழுது மூச்சு விடுகிற நிலையில் தொப்புள்கொடியை உடனே கட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நஞ்சுக்கொடியிலிருந்து வந்து சேரும் அந்த ரத்தம் பின்னால் ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கிறது.

ரத்தம் ஏறும் நேரத்தில் பாலை நிறுத்துவதா? இதில் ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் வழக்கம் மாறும். பால் குடித்ததும் குடலுக்கு ரத்த ஓட்டம் கூட வேண்டும். ரத்தம் ஏற்றிய உடனே அந்தக் கூடுதல் சரியாக நடப்பதில்லை என்று சில அளவீடுகள் சொல்கின்றன. அதனால் ஏற்றுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து முடிந்து நான்கு மணி நேரம் வரை நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தாமல் தொடர்பவர்களும் உண்டு. உங்கள் டாக்டர் எதைச் செய்தாலும் அதற்காகக் கலங்காதீர்கள்.

பால் நின்ற அந்தச் சில மணி நேரத்தில் உங்கள் மனைவி பால் பீய்ச்சுவதை மட்டும் நிறுத்த வேண்டாம். குடல் நோய்க்கு எதிராக நம் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் தாய்ப்பால்தான். 1990இல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்து வந்த ஆய்வில், புட்டிப்பால் மாவு மட்டும் குடித்தவர்களுக்குத் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடக் குடல் நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம். ரத்தம் ஏற்றுவது பற்றி இவ்வளவு விவாதிக்கிற குடும்பங்கள், ‘பால் பத்தலை, மாவு கலக்கிக் கொடுங்க’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பத்தவில்லை என்றால் முதலில் தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கியது இது. தமிழ்நாட்டில் 2014 முதல் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. தாய் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நள்ளிரவிலும் ஒரு முறை, பீய்ச்சட்டும். முதலில் ஐந்து மில்லி வந்தாலும் அதைக் கீழே ஊற்றாதீர்கள். உங்கள் மகனுக்கு அது ஒரு வேளைப் பாலில் கணிசமான பங்கு.

இனி, ரத்தம் ஏற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் எதைக் கவனிப்பது. சிஸ்டர்கள் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். வயிறு முந்தைய நாளைவிடப் பெரிதாக, இறுக்கமாக, தோல் மினுங்கலாக இருக்கிறதா? ட்யூபில் திரும்பி வருவது வெள்ளைப் பாலா, பச்சையா? மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா? தொட்டால் நெளிகிற பிள்ளை இன்றைக்குத் துணிபோலக் கிடக்கிறானா? மூச்சு நின்று மானிட்டர் அடிக்கடி கத்துகிறதா? இதில் எது தென்பட்டாலும் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பாலை நிறுத்தி, வயிற்றைக் காலி செய்து, மருந்து போட்டுப் பலரைக் கத்தி இல்லாமலே மீட்டுவிடலாம்.

ஏற்றுவதற்கு முன்பே அவனுடைய வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு, நேற்று எவ்வளவு, கடந்த இரண்டு நாளில் மூச்சு எத்தனை முறை நின்றது என்று சார்ட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நான் அன்று படிக்கத் தவறிய பக்கம் அது. அந்த எண்கள் ஏறிக்கொண்டிருந்தால், ரத்தத்தோடு சேர்த்து வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.